ஸ்டோக் வழக்கில் நாங்கள் வழங்கிய நீதி

நடுநிலை என்கிற சரக்கு கலப்படமில்லாமல் கிடைக்கிற ஒரே இடம், அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் எங்கள் ஊர் நீதிமன்றத்து ஜூரி அறை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வக்கீல் எவனையும் நம்பாதவன். ஆனாலும் இதை அடித்துச் சொல்வேன். ஸ்டோக் வழக்கில் தீர்ப்புச் சொல்ல ஊர்க்காரர்களில் பொறுக்கியெடுத்த பன்னிரண்டு பேரில் நானும் ஒருவன்.

"ஆணோடு குடித்தனம் நடத்தும் ஆண்மேல் யாருக்காவது வெறுப்பு உண்டா?" என்று தொடக்கத்திலேயே நீதிபதி கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆக, வெறுப்பு இல்லை என்பது பதிவேட்டில் ஏறிவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவர் கெல்வின் ஸ்டோக், டிராக்டர் மெக்கானிக்; குடித்தனம் இன்னொரு ஆணோடு. மதுக்கடை வாசலில் ஒருத்தன் இரும்புக் கம்பியை ஓங்கினான். ஸ்டோக் அதைப் பிடுங்கித் திருப்பி அடித்தார்; வந்தவன் செத்தான். தற்காப்பு என்றால் ஸ்டோக் வீட்டுக்குப் போகலாம், கொலை என்றால் இருபது வருஷம். முதலில் ஓங்கியது யார் என்பது கடைக் கேமராவில் பளிச்சென்று இருந்தது.

அதனால் நாங்கள் டோனட் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு மற்ற 'சாட்சியங்களை' ஆராய்ந்தோம்.

"அவங்க வீட்டு ஜன்னல் திரையைப் பாத்திருக்கீங்களா? லேஸ் வெச்சது!" என்றாள் தேவாலயத்தில் பாடும் ட்ரூடி.

"செத்தவனுக்குப் பொண்டாட்டி இருக்கா. இவனுக்காக யாரு அழப்போறா?" என்றார் ஜூரித் தலைவர் ரோலண்ட். ஹார்டுவேர் கடைக்காரர், எனக்கு நாற்பது வருஷப் பழக்கம்.

"கூட இருக்கிற ஆளு தெனமும் கோர்ட்டுல அழறானே?" என்றேன்.

"அதெல்லாம் அழுகையில சேத்தியா?"

ரகசிய ஓட்டு எடுத்தோம். குற்றவாளி, பதினொன்று. இல்லை, ஒன்று. ரகசியம் அரை நிமிஷம் தாங்கியது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"கம்பியை அவன்தானேய்யா மொதல்ல ஓங்கினான்? படத்துல தெரியுதே!"

ரோலண்ட் சிரித்தார். "ஏம்ப்பா ஆர்வில், அவன்மேல உனக்கு என்ன அவ்ளோ அக்கறை? ஆமா... நீ கல்யாணமே பண்ணிக்கலைல்ல?"

டோனட் மெல்லும் சத்தம் நின்றது.

"பொண்ணு அமையலப்பா!"

"அதான் கேக்குறேன், ஏன் அமையல?"

ட்ரூடி தன் நாற்காலியை அரை அடி நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது ஓட்டு ஒருமனதானது.

வழக்கப்படி நீதிபதி ஒவ்வொருவராகக் கேட்டார்: "இது உங்கள் சொந்தத் தீர்ப்புதானா?" மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் மட்டும் மார்பை நிமிர்த்தி, கூரை அதிர, "ஆமாங்கய்யா!" என்றேன்.

ஸ்டோக்குக்கு இருபது வருஷம். விடுதலை எனக்குக் கிடைத்தது.