மெழுகுக் கோட்டு

இந்தக் கோட்டு மட்டும் பாத்திரமாகாது என்று மலையைப் பார்த்துச் சபதம் செய்தேன்.

விஷயம் புரிய வேண்டுமென்றால் நீங்கள் என் வீட்டுச் சமையலறையைப் பார்க்க வேண்டும். அதுதான் என் துணி பீரோ. நான் காப்பி குடிக்கிற டம்ளர், ஒரு காலத்தில் என் டெரிகாட்டன் பேண்ட்டின் வலது கால். இடது கால் டபராவாகி அதன் கீழேயே இருக்கிறது. கல்யாணத்துக்குத் தைத்த சட்டை இட்லித் தட்டாகிவிட்டது. நான் ஊருக்குள் கந்தலாக அலைகிறேன். என் துணிகள் அடுக்களையில் பளபளவென்று ஜொலிக்கின்றன.

எல்லாம் வெள்ளையம்மாள் கைங்கரியம். பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம் என்று கூவிக்கொண்டு செவ்வாய்க்கிழமை தோறும் கூடையோடு வருவாள். என் மனைவி கஸ்தூரிக்கு அன்றைக்குத்தான் பண்டிகை.

எழுபத்தொன்பதில் எங்கள் திருவண்ணாமலை செங்கம் ரோடு வீட்டு மாடியறையில் டேவிட் என்று ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தார். வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊர்க்காரர். ஆறு மாதம் மலையைச் சுற்றினார். இனி தனக்கு எதுவும் தேவையில்லை என்று முடிவு செய்து, ஒரு மழைக்கோட்டையும் கான்வாஸ் பையையும் விட்டுவிட்டுக் கிளம்பினார். அவருக்கு ஞானம் வந்தது. எனக்குக் கோட்டு வந்தது.

"சோப்பு கூடாது. வெந்நீர் கூடாது. வருஷத்துக்கு ஒரு தடவை மெழுகும் கொஞ்சம் எண்ணெயும் காய்ச்சித் தடவு. உன் பேரன் வரைக்கும் உழைக்கும்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நான் அதை டிரங்குப் பெட்டியில் போட்டு இரண்டு வருஷம் மறந்துபோனேன்.

திடீரென்று ஞாபகம் வந்ததற்குக் காரணம் கார்த்திகை தீபம். தீபக் கூட்டத்தில் குடை விரிக்க முடியாது. வருஷா வருஷம் மழையில் தொப்பலாக நனைந்து, ஒரு வாரம் காய்ச்சலில் படுப்பேன். இந்த வருஷம் ஒரு சொட்டு உடம்பில் படாமல் நின்று தீபம் பார்ப்பது என்று தீர்மானித்தேன். கோட்டை வெளியே எடுத்து உதறினேன்.

"ஏங்க, இந்த நாத்தத்தை எங்கிருந்து எடுத்தீங்க?"

"இது நாத்தம் இல்ல, கோட்டு."

"பூஞ்சை புடிச்சு வெடிச்சுக் கிடக்குது. இதை வெள்ளையம்மா கூட வாங்க மாட்டா."

"ரொம்ப நல்லதாப் போச்சு. நான் இதை மெழுகு போட்டுப் புதுசாக்கப் போறேன்."

"நீங்களா?"

"ஏன், நானேதான்."

"தை மாசம் அலமாரிக்கு பெயின்ட் அடிக்கறேன்னு ஆரம்பிச்சது யாரு? இன்னும் ஒரு கதவு பச்சையா இருக்குது, ஒரு கதவு நீலமா இருக்குது."

"பத்தே நாள். முடிச்சுக் காட்டறேன் பாரு."

"பார்க்கலாம், பார்க்கலாம்" என்று அரிசி களையப் போய்விட்டாள்.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. வெள்ளையம்மாள் வாங்குவது பழைய துணி. கோட்டைப் புதுசாக்கிவிட்டால் அது பழைய துணி ஆகாது. பாத்திரமும் ஆகாது. என் யோசனையில் ஓர் ஓட்டையும் தென்படவில்லை. கோட்டில்தான் இரண்டு ஓட்டை இருந்தது.

மறுநாளே ஜவ்வாது மலைத் தேன்காரர் தருமனை எங்கள் வாசலில் பிடித்தேன். "தேன் மெழுகு அரைக் கிலோ போதும்" என்றேன். உள்ளேயிருந்து கஸ்தூரியின் குரல் வந்தது.

"ஒரு கிலோவா வாங்குங்க! மிச்சம் இருந்தா எதுக்காவது ஆவும்."

என் முயற்சியில் அவளுக்கும் நம்பிக்கை பிறந்துவிட்டது என்று பூரித்துப்போய் ஒரு கிலோவாகவே வாங்கினேன்.

மெழுகை உருக்கி, விளக்கெண்ணெய் கலந்து, அப்படியே பூசி, மறுநாள் காலை மழைத் தூறலில் அணிந்துகொண்டு ஆபீசுக்குப் போனேன். தண்ணீர் இறங்கவில்லை. ஆனால் அந்த மெழுகில் தேன் ஒட்டிக்கொண்டிருந்த சங்கதி எனக்குத் தெரியாது. திருவண்ணாமலை எறும்புகளுக்குத் தெரிந்திருந்தது. பதினோரு மணிக்கு மேனேஜர் முன்னால் ஃபைலோடு நின்றபோது முதல் எறும்பு இடுப்பில் கடித்தது. அடுத்த ஐந்து நிமிஷம் நான் ஆடிய ஆட்டத்தில் மேனேஜர் எனக்குச் சாமி வந்துவிட்டது என்று நினைத்து, எழுந்து நின்று கும்பிட்டார்.

வீடு திரும்பியதும் கோட்டைத் தூக்கிக் கிணற்றடியில் எறிந்தேன்.

"இனிமே இதைத் தொடறதில்ல!"

கஸ்தூரி அதை மெதுவாக எடுத்துத் தூசி தட்டினாள். "இதுக்குப் போயி விட்டுடுவாங்களா? மெழுகைத் தண்ணியில போட்டுக் காய்ச்சணுங்க. தேன் தண்ணியோட போயிடும். மெழுகு மேல ஆடையாட்டம் நிக்கும். வடிகட்டத் துணி நான் தரேன்."

"நீயா சொல்ற?"

"பாதியில விட்டா எனக்குத்தானே அசிங்கம். இன்னோர் அலமாரின்னு நாலு பேரு சிரிப்பாங்க."

இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்? கண் கலங்கிவிட்டது. கோட்டைப் பச்சைத் தண்ணீரில் துடைத்தேன். மெழுகைக் காய்ச்சி வடித்தேன். உட்கார்ந்து இழை இழையாகத் தேய்த்தேன். வெயிலில் தொங்கவிட்டு மெழுகை இறங்கவிட்டேன். அவள் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை பார்த்தாள்.

"தோள்பட்டையில கம்மியா இருக்குது. இன்னும் கொஞ்சம் போடுங்க."

"போட்டாச்சு."

"பாக்கெட்டு கிழிசலு?"

"தைச்சாச்சு."

"பித்தளைப் பொத்தானைப் புளி போட்டுத் தேய்ச்சீங்களா?"

அதையும் தேய்த்தேன். ஒன்பதாம் நாள் கஸ்தூரி ஒரு சொம்புத் தண்ணீரைக் கோட்டின் மேல் கவிழ்த்தாள். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் அத்தனையும் உருண்டு விழுந்தது. உள்பக்கம் கையை விட்டுப் பார்த்து, "ஒரு சொட்டு இறங்கலைங்க!" என்று சிரித்தாள். பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் என்னை மெச்சியது அன்றைக்குத்தான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோட்டை மாட்டப் போனேன்.

"வெயில் இப்படிக் கொளுத்துது, இதைப் போட்டுக்கினா வெந்துடுவீங்க. தீபத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்குது. அதுவரைக்கும் பத்திரமா இருக்கட்டும்."

நியாயமாகப் பட்டது. வைத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் மழை அடித்துக் கொட்டியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நனைந்த கோழியாக வந்தேன். எதிரே ஓர் ஆள், தலையில் கூடை, உடம்பில் கோட்டு, சாவதானமாக நடந்து வந்தது. அடடா, நம்முடையதைப் போலவே இருக்கிறதே என்று நினைத்தேன். பித்தளைப் பொத்தான் மின்னியது. புளி போட்டுத் தேய்த்த மின்னல். கோட்டுக்குள் வெள்ளையம்மாள்.

"சார், ஒரு சொட்டு இறங்கல சார்! நல்லா இருக்கணும் நீங்க."

"இது... எப்படி உன்கிட்ட?"

"தீபாவளிக்கு முன்னமே உங்க வூட்டம்மா பொட்டியில இருந்து எடுத்துக் காட்டினாங்க சார். வெடிச்சுக் கிடந்தது, வேணாம்னுட்டேன். மெழுகு போட்டுப் பதமாக்கித் தந்தா அண்டாவே தரேன்னேன். அந்த வேலைய யாரும்மா செய்வாங்கன்னு கேட்டேன். 'அதுக்கு ஆளு இருக்குது'ன்னாங்க."

அந்த ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

அடுப்பில் புது அண்டா உட்கார்ந்திருந்தது. ஆவி பறந்தது.

"கஸ்தூரி! என் கோட்டு!"

"ஐயோ, இப்படி நனைஞ்சுட்டீங்களே! வாங்க, வெந்நீர் தயாரா இருக்குது."

"கோட்டு இருந்தா நான் ஏன் நனையறேன்?"

"கோட்டை வருஷத்துல பத்து நாளு போடுவீங்க. அண்டா தினமும் ஆவும். நனைஞ்சுட்டு வந்தாலும் வெந்நீர் இருக்குதில்ல?"

"பத்து நாளா மாடு மாதிரி உழைச்சேண்டி!"

"அதனாலதாங்க இவ்ளோ பெரிய அண்டா. இல்லைன்னா ஒரு கரண்டி கூடத் தந்திருக்க மாட்டா."

துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனேன். வெந்நீர் சுகமாகத்தான் இருந்தது. அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. தீபத்தன்று நனைவது நிச்சயம். காய்ச்சலும் நிச்சயம். நான்காவது செம்பு ஊற்றும்போது கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"ஏங்க, மூடி இல்லாம ஆவியெல்லாம் வீணாப் போவுது. அந்த மாடிக்காரரு கான்வாஸ் பை சும்மாத்தானே கிடக்குது? அதையும் இதே மாதிரி பதமாக்கிட்டா மூடி தரேன்னு சொல்லியிருக்கா."

மெழுகு சரியாக அரைக் கிலோ மிச்சம் இருந்தது.