அனவுன்ஸ்ட் ஆனா ஆனதுதான்

உடப்புசல்லாவைப் பக்கத்தில் மனிதர்களின் தூக்கத்தை அதிகம் கெடுத்தது குளிரல்ல, அட்டையல்ல, எங்கள் தேயிலைத் தோட்டத்து அனவுன்ஸ் அண்ணன்தான். கோயில் மைக் செட் அவர் பொறுப்பில் இருந்தது. நான் பள்ளிக்கூட வாத்தியார். என் குவாட்டர்ஸ் அந்த ஒலிபெருக்கிக்கு நேர் கீழே. விடிவதற்குள் எழுப்பிவிடுவார். தண்ணீர் வராது என்பார், பிறகு வந்துவிட்டது என்பார். எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, வாட்ஸ்அப்பில் போடுங்களேன் என்று கெஞ்சிக் கெஞ்சியே களைத்துப்போனேன்.

“அது சொல்றதுங்க மாஸ்டர். இது அனவுன்ஸ்ட். சொன்னத மாத்தலாம், அனவுன்ஸ்ட் ஆனா ஆனதுதான்” என்பார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் அந்த ஒரு சொல்தான். அதை வைத்தே தோட்டத்தை ஆண்டார்.

ஒருமுறை, ஆஸ்பத்திரியில் கிடந்த மூக்கையா தாத்தா இறந்துவிட்டதாக யாரோ சொன்னதை நம்பி அனவுன்ஸ் பண்ணிவிட்டார். மத்தியானம் தாத்தா பஸ்ஸில் வந்து இறங்கினார். நேரே கோயிலுக்குப் போய்ச் சண்டை பிடித்தார்.

“என்னங்க பண்றது, அனவுன்ஸ்ட் ஆயிருச்சு. கொட்டகலையிலருந்து சொந்தக்காரங்க மாலையோட வந்துகிட்டு இருக்காங்க. ரெண்டு நாளைக்கு வெளிய தலகாட்டாம இருங்க” என்றார் அண்ணன். அந்த மாலையைத் தாத்தாவே வாங்கிப் போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் செல்வி, நுவரெலியாவுக்கு மரக்கறி ஏற்றும் லொறி டிரைவர் ரமேஷை விரும்பினாள். லொறிக்காரன் வீடு தங்கமாட்டான் என்று அண்ணன் ஒரே பிடியாக நின்றார். மாதக்கணக்கில் மகளோடு பேசவேயில்லை. அவள் ஓடிப்போய்விடுவாளோ என்று அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார்.

ஒரு காலை, கடையில் அவரும் நானும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் பெண் குரல் வந்தது.

“செல்வி பேசுறேன். நான் லொறி ரமேஷத்தான் கட்டிக்கப்போறேன். ஓடிப்போக எனக்கு இஷ்டமில்ல. அதான் அப்பாவுக்கும் கேக்கட்டும்னு அனவுன்ஸ் பண்றேன்.”

மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். அண்ணன் கிளாஸை வைத்தார்.

“போச்சு. அனவுன்ஸ்ட் ஆயிருச்சே மாஸ்டர்” என்றார். எழுந்து கோயிலை நோக்கி நடந்தார். அடித்துவிடுவாரோ என்று பயந்து நானும் மூச்சிரைக்கப் பின்னால் போனேன்.

மகளிடமிருந்து மைக்கை வாங்கினார். இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். பிறகு, அந்த ஒலிபெருக்கி அதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்.

“சற்று முன்னர் விடுத்த அறிவித்தலில் ஒரு திருத்தம். அப்பாவோட சம்மதத்தோடன்னு சேத்துக்குங்க.”

கடைசியில் குரல் உடைந்துவிட்டது. மைக்கில் ஏதோ கோளாறு என்று அன்று முழுக்கக் காண்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று கேட்ட நானும், ஆமாங்க, மைக் கோளாறுதான் என்று எல்லாரிடமும் சொன்னேன்.