நாற்பது நாள் முட்டு

தஸ்தகீர் மரக்கடைக்காரர். கள்ளக்குறிச்சியில் யார் வீட்டுக்குத் தளம் போட்டாலும் தன்னுடைய சவுக்குக் கழி முட்டுக் கொடுக்காவிட்டால் கான்கிரீட் நிற்காது என்று அவரே சொல்லிக்கொள்வார். எந்த மரம் எதற்கு ஆகும் என்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நிலைக்கு வேங்கை, கதவுக்குத் தேக்கு, முட்டுக்குச் சவுக்கு. மனைவி விஷயத்தில்தான் மனிதர் ஒவ்வொரு முறையும் கோட்டை விடுவார்.

வீட்டு முன்னால் புதிதாக ஓர் அறை எழும்பியது. நூர் பீவிக்கு அதில் தையல் கடை வைக்க ஆசை. பன்னிரண்டு வருஷமாகச் சமையலறை மூலையில் மிஷின் மிதித்து, குழம்பு தெறித்த துணிக்குச் சமாதானம் சொல்லிச் சொல்லி அலுத்தவள். ரம்ஜானுக்கு முப்பத்தைந்து நாள் இருந்தது. அந்தத் தையலைப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆள் வரும் என்று நம்பினாள்.

தஸ்தகீருக்கோ அங்கே பிளைவுட் அடுக்க வேண்டும். நேரே சொன்னால் வீட்டில் உலை ஏறாது. ரம்ஜான் தாண்டிவிட்டால் அவள் ஆசை தானே அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டு, தளம் போட்ட அன்றைக்கே ஆரம்பித்தார்.

"நூரு, காங்கிரீட்டு பச்சையா கீது. முட்டு நாப்பது நாளு நிக்கணும்."

"மேஸ்திரி பதினாலு நாளுன்னாரே?"

"அவருக்கு இன்னா தெரியும்? மரத்துலயே பொறந்து வளந்தவன் சொல்றேன். ஒரு கழிய எடுத்தாலும் தளம் தலையில வுழும்."

"அப்ப நாப்பது நாளு ஒரு கழியும் அசையக் கூடாது?"

"அசையவே கூடாது!"

"சரிங்க."

இவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதும் அவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டார். பிளைவுட் லோடுக்குச் சொல்லிவிட்டு, மறுநாளே களமருதூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பு வெட்டப் போனார். பதினைந்தாம் நாள்தான் திரும்பினார்.

வாசலிலேயே நின்றுவிட்டார். கழிக்குக் கழி கயிறு ஓடியது. கயிறெல்லாம் சுடிதார், ரவிக்கை, குழந்தைச் சட்டை. நான்கு கழிகளைச் சுற்றிப் புடவை கட்டினால் அது போட்டுப் பார்க்கும் அறை. மிஞ்சிய சென்ட்ரிங் பலகை இரண்டு, செங்கல் மேல் ஏறித் துணி வெட்டும் மேஜையாகியிருந்தது. நடுவே மிஷின். சுற்றி எட்டுப் பெண்கள்.

"இன்னாடி இது?"

"கடைங்க. ஒரு கழிய அசைக்கல. வேணும்னா எண்ணிப் பாத்துக்குங்க."

தஸ்தகீர் ஓடிப்போய் மேஸ்திரி தனசேகரனை இழுத்து வந்தார்.

"முட்டப் பிரிங்க மேஸ்திரி! பதினாலு நாளு ஆயிடுச்சி!"

எதிர் வீட்டு மலர்விழி எழுந்து நின்று கத்தினாள். "இன்னா பாய், நாங்க உள்ள குந்திக்கினு கீறோம், தலையில தளத்தப் போடப் பாக்குறீங்களா? நீங்கதான நாப்பது நாளுன்னீங்களாம்?"

"அது... வெயிலு ஜாஸ்தி. சீக்கிரம் காஞ்சிடுச்சி."

"மரத்துலயே பொறந்து வளந்தவரு பேச்சு மாறலாமாங்க?" என்றாள் நூர் பீவி, மிஷினை நிறுத்தாமலே.

தனசேகரன் தளத்தைப் பார்த்தார். அப்புறம் மூன்றாவது கழியில் தொங்கிய தன் மனைவியின் பாதி தைத்த ரவிக்கையைப் பார்த்தார்.

"பாய் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாப்பது நாளு நிக்கட்டும்."

பிளைவுட் வந்து இறங்கி, மரக்கடை வாசலில் தார்ப்பாய்க்குள் கிடந்தது. ரம்ஜான் காலையில் தெருவில் போன பிள்ளைகளில் பாதிப் பேர் நூர் பீவி தைத்த உடுப்பில் போனார்கள். தஸ்தகீருக்கு இதைப் போய்த் தடுக்கப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

நாற்பதாம் நாள் முட்டு பிரிந்தது. தளம் அசையவில்லை. நூர் பீவியும் அசையவில்லை. மனிதர் மனம் இளகி, நல்ல தேக்குப் பலகை ஒன்றைத் தன் கையாலேயே இழைத்துக் கொடுத்தார்.

"போர்டு எழுதிக்க நூரு. ஓரமா எம் பேரும் இருக்கட்டும். நம்ம கடையாச்சே."

"கண்டிப்பா போடுறேங்க."

சொன்னபடியே போட்டாள். சாயங்காலம் வீடு திரும்பியவர் அண்ணாந்து பார்த்தார். மேலே பெரிதாக, 'நூர் பீவி டைலர்ஸ்'. கீழே சின்னதாக, 'காஜா, பட்டன்: தஸ்தகீர்'.