அடுத்த வாரம் இன்னா பாடம்?

நான் பார்த்த மனிதர்களில் எதிர்காலத்தைப் பற்றி அவரளவுக்குக் கவலைப்பட்டவர் வேறு ஒருவரும் இல்லை. ஆனால் அந்த எதிர்காலத்தின் நீளம் ஏழே நாள். அதற்கு அப்பால் தனக்கு வேலை இருக்குமா, தலைக்கு மேல் கூரை இருக்குமா என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வாரம் மட்டும் சரியாக நடக்க வேண்டும்.

அதனால் அவருக்கு ‘அடுத்தவாரம்’ என்றே பெயர். எழுபதுகளின் கடைசியில், பழவேற்காட்டில் நான் கணக்கும் அறிவியலும் நடத்திய பள்ளியில், ஆங்கில வழிப் பிரிவு ஒன்றைச் சோதனையாக ஆரம்பித்தார்கள். அந்தப் பிரிவுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத் தற்காலிகமாக வந்தவர். ஒல்லி உடம்பு, முழங்கை வரை சாக்பீஸ் தூள். வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஆசிரியர் அறையில் என் முன்னால் வந்து நின்றார்.

“சார், அடுத்த வாரம் இன்னா பாடம்?”

“யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?”

“உங்களுக்குத்தான் சார். திங்கக்கிழம நீங்க வெப்பம் ஆரம்பிச்சா, அதுக்கு வேண்டிய இங்கிலீஷ நான் இன்னிக்கே புள்ளைங்களுக்குக் குடுத்துடணும். இல்லன்னா நீங்க நடத்துறது அதுங்க காதுல வெறும் சத்தமா வுழும்.”

நான் சிரித்தேன். மனிதர் சிரிக்கவில்லை.

மற்ற ஊர்களில் ஆங்கில வாத்தியார்கள் பாட்டும் கதையும் நடத்திக்கொண்டிருந்தபோது, இவர் வகுப்பில் அடுப்பு எரிந்தது. ஏரித் தண்ணீரைச் சட்டியில் கொதிக்கவைத்து, ஆவி போவதைக் காட்டி, அதற்கான ஆங்கிலச் சொல்லைப் பிள்ளைகள் வாயில் பழக்கினார். தோணி தள்ளும் கழிகள் இரண்டைத் தரையில் போட்டு இணைகோடு என்றார். ஒன்றை நட்டு நிறுத்திச் செங்குத்து என்றார். அது சரிந்து தலைமை ஆசிரியரின் மேல் விழுந்தபோது, அதற்கும் ஆங்கிலத்தில் ஒரு சொல் கொடுத்தார். ஆங்கிலப் பரீட்சையில், ‘பனிக்கட்டி ஏன் உருகுகிறது? ஐந்து வரிகளில் எழுதுக’ என்று கேட்டிருந்தார்.

“யோவ், இது இங்கிலீஷ் பேப்பரா, சயின்ஸ் பேப்பரா?” என்றார் தலைமை ஆசிரியர்.

“புள்ளைக்கு ரெண்டும் ஒரே மண்டைக்குள்ளதானே சார் போவுது?”

வெள்ளிக்கிழமையானால் நான் ஒளிந்து வாழ்ந்தேன். கழிப்பறை வாசலில் காத்திருப்பார். அனுப்பம்பட்டில் இருக்கும் என் வீட்டுக்குப் போக நான் பஸ் ஏறினால், ஜன்னலைப் பிடித்தபடி கூடவே ஓடி வருவார். “வாத்தியாரே, இன்னான்னு சொல்லித் தொலைங்க. ஆளு சக்கரத்துல வுழுந்துடப் போறாரு” என்று கண்டக்டர் என்னைத்தான் திட்டுவான்.

எங்கள் நைனா இறந்தபோது துக்கம் கேட்க வந்தார். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டவர், என் காதருகே குனிந்தார்.

“மனசத் தேத்திக்குங்க சார். அவசரமில்ல... வந்ததும் நீங்க நடத்தப்போறது...”

“ஒளி விலகல்.”

“ஐயோ, பெரிய பாடமாச்சே!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிணத்துக்கு அழாத மனிதர் பாடத்துக்கு அழுதார் என்று என் சித்தப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

இதுவரை சிரிக்கலாம். இனி நான் சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

பிள்ளைகளுக்கு என் பாடம் புரிய ஆரம்பித்தது. முன்பெல்லாம் நான் ஆங்கிலத்தில் விளக்கும்போது கண்களைத் திறந்துகொண்டே தூங்கியவர்கள், இப்போது கை தூக்கினார்கள். அதிலும் கோட்டைக்குப்பத்துக் கஸ்தூரி, எட்டாம் வகுப்பு, கையைக் கீழே இறக்கவே மாட்டாள். கடலிலும் ஏரியிலும் தொழில் செய்கிற குடும்பம். சேர்க்கும்போதே அவள் அப்பா என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: “இங்கிலீஷ்ல படிக்குதுன்னா படிக்கட்டும் சார். அது இல்லன்னா எறா உரிக்கப் போவட்டும். சும்மா வந்து குந்திகினு போறதுக்கு எங்கூட்ல ஆள் இல்ல.”

ஒருநாள் ஆசிரியர்கள் எல்லோர் முன்னிலையிலும் தலைமை ஆசிரியர் சொன்னார்: “உங்க பாடம் இப்பதான் சார் புள்ளைங்களுக்குப் புரியுது. எல்லாம் அடுத்தவாரம் புண்ணியம்.”

நான் பட்டம் பெற்றவன். என் பாடம் புரிவதற்கு ஒரு தற்காலிக வாத்தியாரின் புண்ணியம் தேவைப்பட்டது என்பதை என்னால் விழுங்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் செய்தி வந்தது. திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார், அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் ஆங்கிலப் பிரிவு நீடிக்கும். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் அடுத்தவாரம் வந்து நின்றார்.

“சார், அடுத்த வாரம் இன்னா பாடம்?”

நான் நடத்தவிருந்தது அடர்த்தி. “காந்தம்” என்றேன்.

விளைவு தெரியாமல் செய்தேன் என்று இந்த வயதில் எழுதிவிடலாம். தெரிந்துதான் செய்தேன். அவர் ஒரு நாள் அசிங்கப்பட வேண்டும் என்று நினைத்தேன். கஸ்தூரியை நினைக்கவில்லை.

திங்கட்கிழமை நான் கரும்பலகையில் அடர்த்தி என்பதற்கான ஆங்கிலச் சொல்லை எழுதி, ஆங்கிலத்தில் விளக்கினேன். வகுப்பு பழையபடி கண்களைத் திறந்துகொண்டு தூங்கியது. பின்வரிசையில் இருந்த ஆய்வாளர் எழுந்து ஆங்கிலத்தில் கேட்டார்: ஆற்றிலிருந்து கடலுக்குள் போகும் கப்பல் ஏன் சற்று மேலே எழும்புகிறது?

ஒரே ஒரு கை உயர்ந்தது.

எங்கள் ஏரியில் மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் வந்து சேரும்போது சுமை ஏற்றிய தோணி கூடுதலாக அமிழும். கோடையில் உப்பு ஏறியதும் அதே சுமையோடு மேலே மிதக்கும். அப்பாவின் தோணியில் கஸ்தூரி அதைப் பிறந்ததிலிருந்து பார்த்து வந்திருக்கிறாள். விடை அவளிடம் இருந்தது. அதைச் சொல்ல ஆங்கிலத்தில் அவள் கையில் இருந்தவையோ வெள்ளிக்கிழமை கொடுக்கப்பட்ட காந்தத்தின் சொற்கள், ஈர்ப்பதும் விலக்குவதும். இருந்ததை வைத்து அவள் சொன்னாள்:

“சார்... ஸீ வாட்டர் ரிப்பெல்ஸ் போட். ரெயின் வாட்டர் அட்ராக்ட்ஸ் போட்.”

ஆய்வாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். “ஏம்மா, உங்க ஊர்ல தோணிய காந்தத்துலயா செய்றாங்க?”

‘அவளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள்’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் நின்ற அடுத்தவாரம் கரும்பலகையைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு ஆய்வாளரிடம் சொன்னார்: “தப்பு என்னுது சார். அந்தப் புள்ள மேல தப்பில்ல. நான்தான் வேற வார்த்தையக் குடுத்துட்டேன்.”

பிரிவை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பிரிவோடு அவர் வேலையும் போனது. கிளம்புகிற அன்று நான் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். நான் வாய் திறப்பதற்குள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“சார், அடுத்த வாரம் இன்னா பாடம்?”

“அழுத்தம்” என்றேன்.

“போன தபா நீங்க சொன்னது தப்பு சார். இது சரிதானே?”

கோபமே இல்லை. உறுதிப்படுத்திக்கொள்ளக் கேட்டார், அவ்வளவுதான். நான் தலையாட்டினேன். பஸ் போய்விட்டது. அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கஸ்தூரியைப் பார்த்தேன். ஐஸ் கொட்டகை வாசலில், இறால் குவியலுக்கு முன்னால். விரல்கள் ஊறி வெளுத்திருந்தன.

“அந்த சார் எங்க கீறாரு சார்? நான் தப்பா சொல்லிட்டேன்னு எம்மேல கோவமா?”

“நீ சொன்னது தப்பே இல்லம்மா.”

“அப்போ அன்னிக்கே ஏன் சார் சொல்லல?”

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டாள். கை உரித்துக்கொண்டே இருந்தது.

அதன்பின் எண்பதுகளில் அந்தப் பள்ளிக்கு எத்தனையோ ஆங்கில ஆசிரியர்கள் வந்து போனார்கள். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு எதற்கு அறிவியலின் ஆங்கிலச் சொற்கள் என்று அவர்கள் கேட்டார்கள். மேலே படிக்கப் போகும்போது வேண்டியிருக்கும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமைதோறும் நானே போய் நின்று, அடுத்த வாரம் என்ன நடத்தப்போகிறேன், அதற்கு என்னென்ன சொற்கள் தேவை என்று ஒப்பிப்பேன். சிலர் சிரித்தார்கள். சிலர் ஒளிந்தார்கள். ஒருவரைக் கழிப்பறை வாசல்வரை துரத்தினேன். அவர் புகாரே கொடுத்துவிட்டார்.

மெல்ல அந்தப் பெயர் எனக்கு வந்து சேர்ந்தது. பையன்கள் எனக்குப் பின்னால் “அடுத்தவாரம்!” என்று கத்திவிட்டு ஓடுவார்கள். ஒருவனையும் நான் அதட்டியதில்லை. கத்தும் ஒவ்வொரு முறையும், அவர்தான் வந்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்ப்பேன்.