யானைப்பள்ளத்துக்கு ஒரு சாகசப் பயணம்

உலக சாகசப் படப்பிடிப்பின் வரலாற்றை என்றைக்காவது ஒருவர் எழுதத் துணிந்தால், அவர் தென்காசியில் வந்து இறங்கி, ஓர் ஓட்டைப் பால் கேனுக்கு மாலை போட்டுவிட்டுத்தான் முதல் வரியைத் தொடங்க வேண்டும். மற்ற தேசத்தார் கோடிகளைக் கொட்டிச் செய்த காரியத்தை அந்தக் கேனும், ஒரு சைக்கிள் டியூபும், முருங்கைக்காய் பறிக்கிற தொரட்டியும் சேர்ந்து செய்து முடித்தன. கூடவே முத்துகுமரனும் இருந்தான்.

முத்துகுமரனுக்கு வாரத்தில் ஆறு நாள் தென்காசிக் கடையொன்றில் மிக்ஸி, கிரைண்டர் விற்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவன் ‘மலைவேங்கை’. பாதையே இல்லாத இடத்தில் பைக் ஓட்டி, அதைப் படம் பிடித்து, அந்தப் பெயரில் யூடியூபில் போடுவது அவன் லட்சியம். வண்டி, அவன் அப்பா ரேஷன் அரிசி ஏற்றிய பழைய வண்டி. முன் மட்கார்டைக் கழற்றியதும் அது ‘ஆஃப் ரோடு’ வண்டியாகப் பதவி உயர்வு பெற்றது.

தென்காசிக்காரனுக்கு மலைக்கா பஞ்சம்? கதவைத் திறந்தால் மலைதான். ஆனால் அதற்குள் வண்டியை விடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. குற்றாலத்துக்கு மேலே ஒரு தடவை முயன்றபோது, வனக்காவலர் ஒருவர் மிகவும் தணிவாக, “தம்பி, மலைய எடுக்கலாம். மலைல எடுக்கக் கூடாது” என்று சொல்லி வண்டியைத் திருப்பிவிட்டார். கீழே அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்கிறவர்களை எடுத்துப் போட்டால் அதை யாரும் சாகசம் என்று ஒப்புக்கொள்வதில்லை.

மனமுடைந்து வீடு திரும்பிய முத்துகுமரன், வீட்டுக்கு முன்னாலேயே வண்டியோடு விழுந்தான். விழுந்த இடத்திலேயே ஞானம் பிறந்தது.

அவன் குடியிருந்தது குத்துக்கல்வலசைக்கு அப்பால், வயலை மனை போட்டு விற்ற ‘சாரலமுத நகர்’ மூன்றாம் தெருவில். அந்தத் தெருவைப் போல ஒரு சாகசப் பாதையைக் கடவுளே நினைத்தாலும் செய்ய முடியாது. குடிநீர்க் குழாய்க்கு ஒருவர் தோண்டினார். சாக்கடைக்கு ஒருவர் தோண்டினார். கேபிளுக்கு இன்னொருவர். ஒருவர் தோண்டியதில் அடுத்தவர் கை வைக்காத நாகரிகத்தை மூவரும் கடைப்பிடித்ததால், எல்லாப் பள்ளங்களும் அப்படியே பாதுகாக்கப்பட்டன. சாரல் தொடங்கிவிட்டால் அவற்றில் தண்ணீரும் நிற்கும்.

“லே மக்கா, கேமராவ மேக்க பாத்து வச்சிருவோம். படத்துல வீடு விழாது. மலைதான் விழும்” என்றான் பெலிக்ஸ். இவன் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் பழுதுபார்க்கிற கடை வைத்திருப்பவன். ‘மலைவேங்கை’யின் ஒளிப்பதிவாளர், எடிட்டர், விழுந்தால் தூக்கிவிடுபவர் ஆகிய மூன்று துறைகளும் அவன் பொறுப்பில் இருந்தன.

ஹெல்மெட் கேமரா என்பது சைக்கிள் டியூபால் கட்டிய போன். ட்ரோன் என்பது தொரட்டி நுனியில் கட்டிய இன்னொரு போன். அதை மொட்டை மாடியில் இருந்து பெலிக்ஸ் நீட்டுவான். குலுங்காமல் எடுப்பதற்கு மட்டும் வழி தெரியவில்லை. அப்போதுதான் தெருவில் பால்காரர் வந்தார். அத்தனை பள்ளத்திலும் இறங்கி ஏறியும் அவர் கேனில் இருந்து ஒரு சொட்டு சிந்தவில்லை. கேனுக்குள் பனையோலை போட்டிருந்தார். அன்றைக்கே ஒரு பழைய கேனில் ஓட்டை போட்டு, உள்ளே வைக்கோலைத் திணித்து, நடுவில் போனை வைத்து, கேனை வண்டியில் தொங்கவிட்டார்கள். வண்டி குதித்தது; முத்துகுமரன் குதித்தான்; படம் மட்டும் குதிக்கவில்லை.

“நண்பர்களே, மனித வாடையே இல்லாத அடர்காட்டில் நிற்கிறேன்” என்று வீடியோ தொடங்கும். குழாய்க்குத் தோண்டிய பள்ளத்துக்கு ‘யானைப்பள்ளம்’ என்று பெயரிட்டான். யானைகள் தண்ணீர் குடிக்க வருமாம். ஓரிடத்தில் அவன் மனைவி வித்யாலட்சுமியின் குக்கர் விசிலடித்துவிட்டது. எவ்வளவு முயன்றும் பெலிக்ஸால் அதை அழிக்க முடியவில்லை. “கேட்டீர்களா? உச்சிமலையில் மட்டுமே வாழும் அரிய பறவை இது. மூன்று முறை கூவினால் மழை நிச்சயம்” என்று முத்துகுமரன் பின்னணிக் குரல் கொடுத்துச் சேர்த்தான்.

வீடியோ ஊர் ஊராகப் போயிற்று. சென்னையில் இருந்து வழி கேட்டார்கள். ‘காட்டைக் காப்பதற்காக இடத்தைச் சொல்வதில்லை’ என்று இவன் பதில் போட்டான். ஒரு ஹெல்மெட் கம்பெனிக்காரர் கூப்பிட்டு, அதே காட்டில் இரண்டாம் பாகம் எடுத்தால் நிஜமான கேமராவே வாங்கித் தருவதாகச் சொன்னார். முத்துகுமரன் அன்று இரவு பால் கேனைப் பரிவோடு பார்த்தான், ஓய்வுபெறப் போகும் ஊழியரைப் பார்ப்பது போல.

நிற்க. வித்யாலட்சுமிக்கு அப்போது ஏழாம் மாதம். குலுக்கமே ஆகாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூன்றாம் தெரு என்றாலே ஆட்டோக்காரர்கள் காது கேளாதவர்களாகி விடுவார்கள். வளைகாப்பு முடிந்து அவளைப் பண்பொழியில் உள்ள தாய்வீட்டுக்குக் கூட்டிப் போக வாசலுக்குக் கார் வர வேண்டும். அவள் ரோடு கேட்டு மனு எழுதிக்கொண்டு, துணைக்குப் புருஷனையும் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். எந்த அலுவலகம் என்று சொல்வது முறையல்ல. தொண்டு செய்கிறவர்கள் விளம்பரத்தை விரும்புவதில்லை.

அங்கே சிவசுப்பிரமணியன் என்ற அதிகாரி, மனுவை இரண்டு தடவை படித்தார்.

“ஏம்மா, மூணாந்தெருவுக்குப் போன வருசமே சிமெண்ட் ரோடு போட்டு முடிச்சாச்சே.”

“எங்களுக்குத் தெரியாம போட்டிருக்கியளா சார்? நாங்க அங்கனதான் குடியிருக்கோம்.”

“வேலை நிறைவுன்னு பைல்ல இருக்கும்மா.”

“அப்ப நாங்க பைல்லதான் நடக்கணும்” என்று சொல்லிவிட்டு, வித்யாலட்சுமி போனை எடுத்துப் புருஷனின் வீடியோவைப் போட்டுக் காட்டினாள். முத்துகுமரன் நாற்காலியில் சற்றே கீழே இறங்கினான்.

அதிகாரியின் முகம் மலர்ந்தது. “அட, மலைவேங்கை! எங்க வீட்ல எல்லாரும் பாப்போம். நீங்கதானா சார்?” கன்னத்தில் கை வைத்து முழுவதையும் பார்த்தார். பிறகு கடமைக்குத் திரும்பினார்.

“குலுங்கவே இல்லையேம்மா. கண்ணாடி மாதிரில்லா போவுது. ரோடு நல்லாத்தானே இருக்கு?”

“குலுங்காதது ரோடு இல்ல சார். பால் கேன்.”

“சரி, பள்ளம் தெரியுது. ஒத்துக்கிடுதேன். ஆனா இது யானைப்பள்ளம். அவரே சொல்லுதாரு. நம்ம எல்லைக்குள்ள யானை ஏது?”

“அது குழாய்க்குத் தோண்டுனது சார்.”

“பறவை கூவுதே?”

“அது எங்க குக்கர். பருப்பு வச்சிருந்தேன்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு முத்துகுமரனைப் பார்த்தார். “நீங்களே சொல்லிருங்க மலைவேங்கை. இது காடா, தெருவா?”

வித்யாலட்சுமியும் பார்த்தாள். முத்துகுமரன் மனக்கண்ணில் நிஜக் கேமரா ஒன்று வந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“தெரு மாதிரி… ஒரு சாயல் இருக்கு சார்.”

மனு முடித்து வைக்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தும் அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். “வளைகாப்புக்குப் பலவேசம் அண்ணாச்சி கார்தான் சொல்லியிருக்கு. எப்படியும் யானைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் வந்துரும். மிச்சத்த நான் சாகசமா நடந்துக்கிடுதேன்” என்றாள். அப்புறம் அரிய பறவையைக் கழுவி அடுப்பில் ஏற்றினாள்.

முத்துகுமரனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பெலிக்ஸைக் கூப்பிட்டான். “லே, நாளைக்கு ஒரு வீடியோ எடுக்கணும். கேன் வேண்டாம்.”

“கேன் இல்லாமலா? கம்பெனிக்காரன் தாரேன்ன கேமரா போச்சுன்னு அர்த்தம் மக்கா.”

“போட்டும்ல.”

மறுநாள் முழுத் தெருவையும் எடுத்தார்கள். மலைக்கு முதுகு காட்டி, கிழக்கே பார்த்து. வீடுகள், கரண்டுக் கம்பம், கொடியில் காயும் நைட்டிகள், அடுப்பில் விசிலடிக்கிற குக்கர். யானைப்பள்ளத்தில் இடுப்பளவு நின்றுகொண்டு, “இது காடு இல்ல, எங்க தெரு. நான் சொன்னதெல்லாம் பொய்” என்று முத்துகுமரன் கையெடுத்துக் கும்பிட்டான். வாழ்நாளில் அவன் சொன்ன முதல் முழு உண்மை அதுவாக இருக்கலாம்.

அதை ஒருவரும் நம்பவில்லை. ‘செட்டு பிரமாதம் ப்ரோ.’ ‘காட்டுக்குள்ள வீடெல்லாம் கட்டி எடுத்திருக்கீங்களே, பட்ஜெட் எவ்வளவு?’ ‘நைட்டி காயப்போட்ட ஆர்ட் டைரக்டருக்கு ஒரு சல்யூட்.’ ‘ஒரு தெரு எப்படி இவ்வளவு மோசமா இருக்கும்? உருட்டாதீங்க.’ ஹெல்மெட் கம்பெனிக்காரர் மட்டும் நம்பினார். போனை எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

அலுவலகமும் நம்பியது என்று சொல்லலாம். நடவடிக்கை எடுத்துவிட்டதே! வளைகாப்பன்று காலையில் வேனில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். சிமெண்ட் மூட்டை, ஜல்லி, கடப்பாரை. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. சிவசுப்பிரமணியன் நேரிலேயே வந்து முத்துகுமரனின் கையைக் குலுக்கினார்.

“ரெண்டு வீடியோவும் ஆபீஸ்ல போட்டுப் பாத்தோம். மொதல்ல காடுன்னீங்க, அப்புறம் தெருன்னீங்க. ரெண்டுக்கும் பொருந்துற மாதி ஒரு முடிவு எடுத்திருக்கு சார்.”

வேனில் இருந்து பளபளவென்று ஒரு போர்டு இறங்கியது. ‘எச்சரிக்கை! இது சாகசப் பாதை. செல்வோர் தம் சொந்தப் பொறுப்பில் செல்லவும்.’

போர்டை நடுவதற்குக் குழி தோண்ட வந்தவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கடப்பாரையைத் திரும்ப வேனில் வைத்தார். அளவுக்குப் பொருத்தமாக இருந்ததால் யானைப்பள்ளத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். போர்டின் காலை அதில் நிறுத்தி, ஜல்லியைக் கொட்டி, சிமெண்டைக் கரைத்து ஊற்றி, மேலே தேய்த்து மெழுகினார்கள். நல்ல கெட்டியான வேலை. குறை சொல்ல முடியாது.

முகூர்த்தம் முடிந்தது. பலவேசம் அண்ணாச்சியின் கார் தெருமுனைக்கு வந்து, போர்டைப் பார்த்ததும் நின்றது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு இன்ஜினை அணைத்தார்.

“தம்பி, சொந்தப் பொறுப்புன்னுலா போட்டிருக்கு. எனக்கு மூணு பொம்பளப் பிள்ளைய. நான் இங்கனயே நிக்கேன்.”

வித்யாலட்சுமி இரண்டு கை நிறைய வளையலோடு படியிறங்கினாள். முத்துகுமரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கேன் இல்லை, வைக்கோல் இல்லை. குலுங்காமல் கொண்டுபோக அவனிடம் வேறு உபாயமும் இல்லை. மாடியில் பெலிக்ஸ் பழக்கதோஷத்தில் தொரட்டியை நீட்டிவிட்டு, முத்துகுமரனின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே இழுத்துக்கொண்டான். ஒவ்வொரு பள்ளத்தின் ஓரமாகவும் அவள் நின்று, மூச்சு வாங்கி, சுற்றிக்கொண்டு வந்தாள். வளையல் சத்தம் தெருவெல்லாம் கேட்டது.

போர்டுக்குப் பக்கத்தில் வரும்போது சிவசுப்பிரமணியன் பதறிக்கொண்டு ஓடி வந்து கையை நீட்டி மறித்தார்.

“பாத்தும்மா, பாத்து! சிமெண்டு இன்னும் ஈரமா இருக்கு. மிதிச்சிராதிய.”

வித்யாலட்சுமி நின்றாள். மெழுகிய தரையைப் பார்த்தாள். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள்.

“ரொம்ப நல்லா இருக்கு சார். இதே மாதி பள்ளத்துக்கு ஒரு போர்டு வச்சிட்டியன்னா, எங்களுக்கு ரோடு கெடச்சிரும்.”

அதிகாரி சற்று யோசித்துவிட்டு, “அத்தன போர்டுக்கு நிதி இல்லியேம்மா” என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அந்த வருத்தத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. சென்ற ஆண்டே சிமெண்ட் சாலை போட்டு முடிக்கப்பட்ட அந்தத் தெருவில், சிமெண்ட் விழுந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.