எக்ஸ்ரேக்காரர் வளர்த்த படிகம்

எக்ஸ்ரேக்காரருக்கு உலகத்தில் இரண்டே ஆசை. ஒன்று, மத்தியானத் தூக்கம். இன்னொன்று, அதை யாரும் கெடுக்காமல் இருப்பது. இருபது வருஷமாக மருத்துவமனையில் ஊரார் நெஞ்சையெல்லாம் படம் பிடிக்கிற மனுஷர். "மூச்சை இழுத்துப் பிடிங்க... அசையாதீங்க... இப்போ விடலாம்" என்று காலை முழுக்கக் கத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், பின்னறைக் கட்டிலில் இரண்டு மணி நேரம் குறட்டை. பாவம், அதுவும் இல்லாவிட்டால் மனுஷர் எதற்குத்தான் உயிர் வாழ்வது?

அந்த அறைக்குத்தான் ஆபத்து வந்தது.

"ஏங்க, சனிக்கிழமை எங்க அண்ணன் வர்றான். ரெண்டு மாசம் இருப்பான். பின்னறையை ஒழிச்சுக் குடுங்க" என்றாள் மனைவி, தையல் மெஷினை மிதித்துக்கொண்டே. வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பது அவள் தொழில்.

அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். வாயைத் திறந்தால் கடைசி ஸ்டாப் வரை நிறுத்த மாட்டார்.

எக்ஸ்ரேக்காரர் செல்போனைத் தடவினார். கதவைச் சாத்திக்கொள்ள ஒரு கௌரவமான சாக்கு வேண்டும். தியானம்? 'ஹால்லயே கண்ணை மூடுங்க' என்பாள். புல்லாங்குழல்? அவர் தூக்கமே கெடும். அப்போதுதான் கண்ணில் பட்டது: 'எக்ஸ்ரே படிகவியல், வீட்டிலிருந்தே கற்கலாம். நாற்பது வீடியோ பாடம், பயிற்சித் தாள், தேர்வு. எல்லாம் இலவசம்.' செய்முறை வேறு இருந்தது. படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, ஜாடியில் ஊற்றி, நூலில் ஒரு சின்னப் படிகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, மூன்று வாரம் அசைக்காமல் வளர்க்க வேண்டும். அசைக்காமல்! அட, இதைத்தானே தேடினார்! மூன்று வாரம் முடிந்தால் இன்னொன்று வளர்த்தால் போச்சு.

"என்னங்க இது, ஜாடியில நூலு தொங்குது?"

"படிகம். அது மேல எக்ஸ்ரேயை அடிச்சா உள்ள அணுவெல்லாம் எப்படி வரிசையா நிக்குதுன்னு தெரியும். ஆன்லைன்ல படிக்கிறேன்."

"நீங்களா?"

"ஏன், எலும்பைப் படம் எடுக்கிறவனுக்குப் படிகாரத்தைப் படம் எடுக்கத் தெரியாதா?"

"சரி, அண்ணன் எங்க படுப்பான்?"

"ஹால்ல. இங்க ஆள் நடமாட்டமே கூடாது. அசைஞ்சா படிகம் கெட்டுப்போகும்."

அத்தோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். நாக்கு சும்மா இருந்தால்தானே?

"அப்புறம், உன் மெஷினையும் நிறுத்திடு. தரை அதிருது."

அவள் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தாள். மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். பதினெட்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்தியவர் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. சாப்பாடு போடச் சொன்னார்.

தினமும் மத்தியானம் கதவைச் சாத்துவார். வெளியே கேட்கிற மாதிரி பாடத்தை ஓடவிடுவார். இரண்டாவது நிமிஷம் குறட்டை. வெளியே தைக்க வேண்டிய துணி மலையாகக் குவிந்து கிடக்க, கை சும்மா இருந்த மனைவி பாடத்தைக் கேட்டாள். மறுநாள் தன் போனிலேயே அதைத் தேடி எடுத்தாள். ஒரே அமைப்பு திரும்பத் திரும்ப வரிசையாக வந்தால் அதுதான் படிகம் என்று ஆசிரியை சொன்னதும், "அட, நம்ம பூப்போட்ட துணி!" என்று பளிச்சென்று பிடிபட்டது. தையல் ஓரத்தில் பூவோடு பூ பொருந்த வெட்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு பாடமா? நாலே நாளில் பாதியைத் தாண்டிவிட்டாள்.

சனிக்கிழமை அண்ணன் பெட்டியோடு வந்து இறங்கினார்.

"வாங்க மச்சான். அறைதான் காலி இல்லை, ஆராய்ச்சி நடக்குது."

"பேஷா நடத்துங்க மாப்பிள்ளை! ஒரு தடவை என் பஸ்ல ஒரு விஞ்ஞானி ஏறினார் பாருங்க..."

அண்ணனின் பேச்சு பஸ் கிளம்பிவிட்டது. மனைவி உள்ளே போய் ஜாடியைக் குனிந்து பார்த்தாள்.

"ஏங்க, அடியில பொடிப்பொடியா விழுந்து கெடக்கு. நூல்ல ஒண்ணுமே வளரலையே?"

"அது... அப்படித்தான் இருக்கும்."

"இருக்காதே! ஜாடி அதிர்ந்தா இப்படித்தான் பொடியா விழும்னு ஏழாவது பாடத்துல சொன்னாங்களே?"

எக்ஸ்ரேக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் முதல் பாடத்தில் ஆசிரியை சொன்ன வணக்கத்தையே தாண்டவில்லை.

"மெஷின் அஞ்சு நாளா ஓடலை. கதவு சாத்தியே கெடந்துது. அப்போ உள்ள அதிர்ந்தது என்ன?"

"குறட்டை" என்றார் ஹாலிலிருந்து அண்ணன். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரே வார்த்தையில் நிறுத்திக்கொண்டார்.

எக்ஸ்ரேக்காரர் திருதிருவென்று முழித்தார். படிகம் வேண்டாம் என்றால் அறை அண்ணனுக்கு. வேண்டும் என்றால் குறட்டை வெளியே போக வேண்டும். குறட்டை தனியாகப் போகாதே!

"கவலைப்படாதீங்க. புது ஜாடி தயார் பண்ணிட்டேன்" என்றாள் மனைவி, தேனாக. "அண்ணன் முழிச்சிருந்தாதான் சத்தம், படுத்தா மூச்சுவிடுறதுகூடக் கேக்காது. உள்ள அவன் படுக்கட்டும். நீங்க ஹாலுக்கு வந்துடுங்க."

"அப்போ... உன் மெஷினை ஓட்ட முடியாதே?" கடைசி முயற்சி அது.

"ஜாடிக்கு அடியில பஞ்சு மெத்தை. மெஷின் காலு நாலுக்கும் ரப்பர். பன்னிரண்டாவது பாடம்."

மறுநாள் மத்தியானம் பின்னறைக் கட்டிலில் அண்ணன் சத்தமில்லாமல் தூங்கினார். எக்ஸ்ரேக்காரர் ஹால் சோபாவில் காலை மடக்கிப் படுத்திருந்தார். காதோரம் மெஷின் கடகடத்தது. அந்த இரைச்சலிலும் எப்படியோ கண் செருகியது. முதல் குறட்டை தொண்டையை எட்டியதும் மெஷின் நின்றது.

"மூச்சை இழுத்துப் பிடிங்க! அசையாதீங்க!"

பதறிப்போய் இழுத்துப் பிடித்தார். 'இப்போ விடலாம்' என்பதற்காகக் காத்திருந்தார்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.