என் மேடை வருமானம்

வாசகரே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறேன். தீர்ப்பு வேண்டாம், அது எங்கள் வீட்டில் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. பேசத் தெரிந்த ஒருவனால் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு இடைஞ்சல் நேரக்கூடும் என்பதைக் கேட்டுக்கொண்டால் போதும்.

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். தள்ளிப்போடாமல் அறுவைச் சிகிச்சை செய்யும்படி திருத்தணி மருத்துவர் சொல்லிவிட்டார். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவில்லை. அட்டைக்கு வருமானச் சான்று வேண்டும்; குடும்ப வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும். நைனா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம்) கரும்பு வெட்டப் போயிருந்ததால், கிராம நிர்வாக அலுவலரின் விசாரணைக்கு அம்மாவை நான் அழைத்துச் சென்றேன்.

அலுவலர் என்னைப் பார்த்து, "தம்பி இன்னா பண்றீங்க?" என்றார்.

எளிய கேள்வி. 'வேலை தேடுகிறேன்' என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பின்னாலிருந்த பெஞ்சில் ஆட்கள் காத்திருந்தனர். கூட்டத்தைக் கண்டால் என் முதுகு தானாக நிமிர்ந்துவிடும் (மருந்தில்லாத வியாதி).

"ஐயா, அடியேன் சொற்பொழிவாளன். பள்ளிப்பட்டு முதல் கனகம்மாசத்திரம் வரை என் குரல் ஒலிக்காத மேடையில்லை. வரும் அழைப்புகளைத் தட்டிக்கழிப்பதே என் அன்றாட அலுவல்."

"அப்போ நல்ல வரும்படின்னு சொல்லுங்க. அதையும் சேத்துதான் எழுதணும். சேத்தா அட்ட வராதே."

அம்மா வயிற்றைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பெரிதாகச் சொன்னவனே வென்ற மேடைகளில் வளர்ந்தவன் நான். இங்கோ சிறிதாகச் சொன்னவனுக்கே வெற்றியாம். உடனே அணி மாறினேன்.

"ஐயா, வறுமையே எங்கள் குலச்சொத்து. ஒழுகும் கூரை, அணைந்த அடுப்பு…"

"டேய், நம்ம வூடு எங்கடா ஒழுகுது?" அம்மா வலியையே மறந்துவிட்டார். "காலைல இட்லி துன்னுட்டுதானே வந்த? கூலி வேல செஞ்சாலும் எங்கூட்டு அடுப்பு ஒருநாளும் அணைஞ்சதில்ல சார்."

அலுவலர் பேனாவை மூடினார். "யம்மா, ரெண்டு பேரும் ஒரே வூட்லேந்துதான் வர்றீங்களா?"

அந்தக் கணத்தில் எனக்கே ஐயம். நாங்கள் ஏழைகளா, இல்லையா? எந்தப் பக்கம் பேசுகிறேன் என்பதே மறந்து நின்றேன்.

"சரி தம்பி, கடைசியா பேசுன எடத்துல இன்னா குடுத்தாங்க? அத்த மட்டும் சொல்லுங்க."

பெஞ்சு முழுவதும் என் வாயைப் பார்த்தது.

"சால்வ சார்." குரல் உள்ளே போய்விட்டது. "அடுத்து பேசுறவருக்குப் போத்தணும்னு உடனே திருப்பி வாங்கிக்கினாங்க."

"பஸ்ஸுக்கு?"

"அது நான் குடுத்தேன் சார்" என்றார் அம்மா.

பெஞ்சு குலுங்கிச் சிரித்தது. அலுவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நைனாவின் கூலியை மட்டும் எழுதினார். சான்று வந்தது, அட்டை வந்தது, அம்மாவின் கல்லும் வெளியே வந்தது. இன்றும் எங்கள் வீட்டு விசேஷங்களில் மாமா என் தோளில் துண்டைப் போர்த்தி, கைதட்டி, உடனே உருவிக்கொள்கிறார்.

அம்மா கண்விழித்த அன்று, வார்டு முழுவதும் கேட்கும்படி, ஓர் அடுக்குமொழியும் கலக்காமல் நான் உறுதியளித்தேன்:

"இனிமே என் வரும்படி எவ்ளோனு யாரு கேட்டாலும், எங்கம்மாவ கேளுங்கனுதாம்மா சொல்லுவேன்."